மருந்துக்குக் கேளாத நோய்: தோட்டத்துக் காய்ச்சல் முதல் கணையப் புற்று வரை

1. ஒரு தொடரும் ஒரு கேள்வியும்

‘நோய் மருந்துக்குக் கேட்கவில்லை’ என்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் தொடர். தோட்டத்து லயத்தில் குளிர்க்காய்ச்சலால் நடுங்கிக் கிடந்தவரைப் பற்றியும் அவ்வாறே சொன்னார்கள். இன்று ஈப்போ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் புற்றுநோயாளியைப் பற்றியும் அவ்வாறே சொல்லுகிறார்கள். ‘கேட்டல்’ என்னும் வினை தமிழில் செவியோடு மட்டும் நிற்பதன்று. கட்டுப்படுதலையும் அது குறிக்கும். சொல்பேச்சுக் கேளாத பிள்ளை என்பதுபோல, மருந்தின் பேச்சைக் கேளாத நோய்.

தொடர் செறிவானதுதான். ஆயினும் அதன் பின்னே ஒரு கேள்வி நிழல்போல் தொடர்ந்து வருகிறது. கேளாதது எது? நோயா, உடம்பா, நோயாளியா? பத்தியம் பிழைத்தாரோ, மாத்திரையைத் தவறவிட்டாரோ, நம்பிக்கை இழந்தாரோ என்று சுற்றத்தார் எண்ணத் தொடங்குகின்றனர். கணையப் புற்றுநோயில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. மருந்து ஏற்றிய முதற்சில சுற்றுகளில் கட்டி சுருங்கியதாகப் படத்தில் தெரியும். வீட்டில் விளக்கேற்றி மகிழ்வார்கள். சில திங்களில் கட்டி மீண்டும் வளரும். அப்பொழுது, ‘நாங்கள் எங்கே தவறினோம்?’ என்று குடும்பத்தார் தம்மையே நொந்துகொள்வதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம்.

இவ்வுரையின் நோக்கம் அக்கேள்விக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை தேடுவதே. மருந்தெதிர்ப்பு என்பது புற்றுநோயோடு பிறந்த புதுமையன்று. அதன் வரலாற்றில் சில இன்றியமையாத பக்கங்கள் மலாயாவின் தோட்டங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் எழுதப்பட்டவை; ஒரு பக்கம் நம் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானிலேயே எழுதப்பட்டது. அவற்றை வரிசையாகப் படித்துவந்தால், கணையப் புற்றில் இன்று ஆய்வாளர் பேசும் ‘புற்றுநோய்க் குருத்தணு’ என்னும் கருத்து நமக்கு அயலானதாகத் தோன்றாது.

2. லயத்துக் காய்ச்சல்

1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் நாற்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த நாற்பதாண்டுகளில் பேராக்கின் மலையடிவாரக் காடுகள் பல தோட்டங்களாயின. காட்டை அழித்தவுடன், அதுவரை மரநிழலில் ஓடிய மலையோடைகள்மீது வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பெருகும் ஒருவகை அனாபிலிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. காடு வெட்டவும் பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து வந்த மக்களைக் குளிர்க்காய்ச்சல் கொத்துக் கொத்தாய்க் கொண்டுபோனதற்கு இவ்வோடைகளும் ஒரு காரணம். காலைப் பெரட்டின்போது கொய்னா கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கமாயிற்று.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945-இல், பிரிட்டனில் புரோகுவானில் என்னும் புதிய மருந்து உருவாயிற்று. ‘பாலுட்ரின்’ என்ற வணிகப் பெயரில் அது மலாயாவுக்கு வந்தது. கொய்னாவின் கசப்பும் காதிரைச்சலும் இதில் இல்லை. தோட்டங்களில் தடுப்பு மருந்தாகப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் நான்கைந்து ஆண்டுகளுக்குள் செய்தி மாறிவிட்டது. 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபீல்டும் எடிசனும், பாலுட்ரினுக்கு அடங்காத மலேரியாக் கிருமி மலாயாவில் தோன்றியிருப்பதை அறிவித்தனர். அடுத்து வந்த குளோரோகுவினுக்கும் இதே கதி நேர்ந்தது. அம்மருந்தை எதிர்க்கும் கிருமி மலாயாவில் தோன்றியதாக 1963-இல் செய்தி வெளியாயிற்று.

மலேரியா நமக்குக் கற்பித்த பாடம் இன்னொன்றும் உண்டு. காய்ச்சல் திரும்பி வந்த அனைவருக்கும் கிருமி மாறிவிட்டது என்று கொள்வதற்கில்லை. வைவாக்ஸ் என்னும் வகையில், இரத்தத்திலுள்ள கிருமிகள் அனைத்தும் மருந்தால் மடிந்த பின்னரும் காய்ச்சல் சில திங்கள் கழித்துத் திரும்பும். 1948-இல் ஷார்ட், கார்ன்ஹம் என்னும் இருவர், மலேரியாக் கிருமி இரத்தத்தில் இறங்குமுன் கல்லீரலில் தங்கி வளர்வதைக் கண்டறிந்தனர். 1980-களில் குரோடோஸ்கியும் அவர்தம் துணைவரும், அவற்றுள் சில கல்லீரலிலேயே பெருகாமல் உறங்கிக் கிடப்பதை உறுதிசெய்தனர். பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்து, உறங்கும் கிருமியைத் தொடுவதில்லை.

ஆகவே ஒரே காய்ச்சலில் இருவேறு காரணங்கள் இருந்தன. ஒன்றில் கிருமியே மாறிற்று. மற்றொன்றில் கிருமி மாறவில்லை. மருந்து சென்றடையாத இடத்தில், மருந்து தாக்காத நிலையில் ஒரு மிச்சம் இருந்தது. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வுரை முழுதும் அது நமக்குத் துணைவரும்.

3. சுங்கை பூலோவில் ஒரு தீர்ப்பு

மருந்து பலிக்காதபோது முதல் ஐயம் நோயாளிமீது விழுவது எந்நாட்டிலும் உள்ளதே. தொழுநோய்க்கு டாப்சோன் என்னும் மருந்து 1940-களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. நோயர் பல்லாண்டு மாத்திரை உண்ண வேண்டியிருந்தது. குணமடைந்து வந்த சிலருக்கு நோய் மீண்டும் முற்றியபோது, அவர்கள் மாத்திரையை ஒழுங்காக உண்ணவில்லை என்று கருதுவது எளிதாக இருந்தது.

சிலாங்கூரிலுள்ள சுங்கை பூலோ தொழுநோய் நிலையத்தில் பணியாற்றிய பெட்டிட் என்பவரும் லண்டனில் ஆய்வு செய்த ரீஸ் என்பவரும் இதனை ஐயத்தோடு விட்டுவிடவில்லை. மருந்து உண்மையில் உடலுக்குள் செல்கிறது என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு மருத்துவம் செய்தனர்; நோயரின் கிருமியை எலியின் உள்ளங்காலில் வளர்த்து, அவ்வெலிக்கும் டாப்சோன் ஊட்டிப் பார்த்தனர். கிருமி வளர்ந்தது. 1964-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, தொழுநோய்க் கிருமி டாப்சோனை எதிர்க்கவல்லது என்பதை உலகில் முதன்முறையாக மெய்ப்பித்தது.

அறிவியல் வரலாற்றில் இது ஒரு கண்டுபிடிப்பு. மனித வரலாற்றில் இதனை நாம் ஒரு தீர்ப்பாகவே கொள்ளுகிறோம். கேளாதது கிருமி; நோயாளி அல்லர். ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டு அங்கு வாழ்ந்தவர்களுக்கு, மருந்தை ஏமாற்றினார் என்ற பழியாவது இதனால் நீங்கிற்று. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம், தொழுநோய்க்கு ஒரு மருந்தை மட்டும் கொடாது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்குமாறு பரிந்துரைத்தது. ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றொன்றுக்கு அடங்கும் என்பதே அதன் நியாயம்.

4. பாஸ்டனிலும் அதே பூட்டு

இங்கிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் செல்வதற்குக் காரணம் உண்டு. பாலுட்ரின் மலாயாத் தோட்டங்களில் கொடுக்கப்பட்டுவந்த அதே காலத்தில், பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அம்மருந்தை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்தவர்.

1948 ஜூன் திங்களில் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அதுவரை எம்மருந்துக்கும் அடங்காத நோய் அது. ஆனால் அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிகத் தணிவு’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. தணிந்த நோய் சில திங்களில் திரும்பிற்று. சுப்பாராவும் அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

இன்று நோக்கினால் வியப்பு ஒன்று புலப்படுகிறது. அமினோப்டெரின் தாக்குவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதியை. உயிரணு தன் மரபுப் பொருளைப் படியெடுக்க இந்நொதி வேண்டும். பாலுட்ரின் உடலுக்குள் மாற்றமடைந்து தாக்குவதும், மலேரியாக் கிருமியிடமுள்ள இதே நொதியைத்தான். தோட்டத்துத் தொழிலாளிக்கும் பாஸ்டன் குழந்தைக்கும் கொடுத்த மருந்துகள் ஒரே வகைப் பூட்டுக்குச் செய்த இரு திறவுகோல்கள். இரண்டும் முதலில் வென்றன. இரண்டும் சில காலத்தில் தோற்றன. மலேரியாக் கிருமி அந்நொதியின் வடிவைச் சிறிது மாற்றிக்கொண்டது. புற்றணுக்கள் அந்நொதிக்குரிய மரபணுவைப் பன்மடங்காகப் பெருக்கிக்கொள்ளவும் வல்லவை என்பதை 1978-இல் ஷிம்கேயின் ஆய்வுக்குழு காட்டிற்று.

இம்மாற்றம் மருந்தைக் கண்டபின் நேர்கிறதா, அதற்கு முன்பே இருக்கிறதா? 1943-இல் லூரியா, டெல்புரூக் என்னும் இருவர் பாக்டீரியாக்களை வைத்து இதற்கு விடை கண்டிருந்தனர். எதிர்க்கும் தன்மை தற்செயலாக முன்னரே சிலவற்றில் தோன்றிவிடுகிறது. ஏனையவை மடியும்போது அச்சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. கோல்டி, கோல்ட்மன் ஆகியோர் 1979-இல் இதனைப் புற்றுநோய்க்குக் கணக்கிட்டுப் பொருத்தினர். கட்டி பெரிதாகுந்தோறும், மருந்தைக் காணுமுன்பே அதற்கு அடங்காத உயிரணு ஒன்றேனும் அதில் இருக்கும் வாய்ப்பு மிகுகிறது.

பன்மருந்து முறை குழந்தை இரத்தப் புற்றில் பெருவெற்றி தந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட். மற்றொன்று நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின். வசதியுள்ள நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இன்று நலம் பெறுகின்றனர். ஆயினும் அதே பன்மருந்து முறை கணையத்தில் அத்தகைய வெற்றியைத் தரவில்லை. ஏன் என்பதற்கு, நாம் நம் தோட்டத்திற்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

5. தெலுக் இந்தான் புல்லும் லாலாங் வேரும்

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு லாலாங் புல்லைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. வெட்டினால் துளிர்க்கும், எரித்தால் முன்னிலும் செழிப்பாய் எழும். மண்ணுக்கு மேலே தெரிவது புல்லின் ஒரு பகுதிதான். அதன் உயிர்நிலை மண்ணுக்குள் படரும் வெண்ணிறத் தண்டில் உள்ளது. அத்தண்டின் ஒரு சிறு துண்டு எஞ்சினாலும் அதன் கணுவிலிருந்து புதுப்புல் கிளம்பும். 1960-களில் பரவிய பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பட்ட இலையைக் கருக்கும். அதைத் தெளித்தவர் பெரும்பாலும் நம் பெண்கள். தெளித்த மறுநாள் புல் காய்ந்து கிடக்கும். சில கிழமைகளில் அதே இடத்தில் பச்சை தலைகாட்டும். இலை மடிந்தது, வேர்த்தண்டு மடியவில்லை.

1974-இல் கிளைபோசேட் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அது முதன்முதலில் பயன்பட்ட இடங்களுள் மலேசிய ரப்பர்த் தோட்டங்களும் அடங்கும். இம்மருந்து இலைவழியே உட்புகுந்து வேர்த்தண்டு வரை இறங்குவது. லாலாங்கை அடக்குவதில் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1997-இல் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில், கேழ்வரகின் காட்டு உறவும் மலாய் மொழியில் சம்பாவ் என வழங்குவதுமான புல், கிளைபோசேட்டுக்கு அடங்காமல் நின்றது. இப்புல் கிளைபோசேட்டை எதிர்ப்பதாக வந்த முதல் அறிக்கை அதுவே. 2000-இல் ஆய்விதழில் வெளியாயிற்று. மலேசியாவில் கண்ட இத்தகைய புல்லை ஆராய்ந்தவர்கள், மருந்து தாக்கும் நொதியில் ஒரேயொரு புரதக்கூறு மாறியிருந்ததை 2002-இல் எடுத்துக்காட்டினர். மலேரியாக் கிருமி பாலுட்ரினிடமிருந்து தப்பிய வழியும் இத்தகையதே.

நம் மாநிலத்து மண்ணிலேயே இவ்விரு வழிகளும் விளங்கி நிற்கின்றன. சம்பாவ் புல் தன்னை மாற்றிக்கொண்டு பிழைத்தது. லாலாங் புல் தன்னை மாற்றிக்கொள்ளாமலேயே, மறைவான ஒரு வேரை வைத்துப் பிழைத்தது. கணையப் புற்றை அறிய இவ்விரண்டும் வேண்டும்.

6. புற்றுக்கும் ஒரு வேர் உண்டா?

கட்டியிலுள்ள எல்லா உயிரணுக்களும் ஒத்தவை அல்ல என்னும் எண்ணம் பழையது. கருவளர்ச்சியில் எஞ்சிய உயிரணுக்களிலிருந்து புற்று எழுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியரான கோன்ஹைம் கருதினார். 1937-இல் ஃபர்த், கான் என்னும் இருவர், ஒரேயொரு இரத்தப் புற்றணுவைக்கொண்டே எலிக்கு நோயை உண்டாக்க இயலும் என்று காட்டினர். 1961-இல் கனடாவின் டொராண்டோவில் டில்லும் மெக்கல்லக்கும் நம் எலும்பு மச்சையில் குருதியணுக்களைப் பிறப்பிக்கும் தாயணுக்கள் இருப்பதை எலிகளில் மெய்ப்பித்தனர். அதே நகரில் ஜான் டிக்கின் ஆய்வுக்குழு, 1994-இலும் 1997-இலும், இரத்தப் புற்றிலும் இத்தகைய சிறுபான்மை உண்டு என்று காட்டிற்று. நோயைப் புதிதாகத் தோற்றுவிக்கும் ஆற்றல் அச்சிறுபான்மைக்கே இருந்தது. 2003-இல் மார்பகப் புற்றிலும் இது காணப்பட்டது.

கணையத்திற்கு இக்கருத்து 2007-இல் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டயான் சிமியோனின் குழு, கணையப் புற்றணுக்களை அவற்றின் மேற்பரப்பிலுள்ள மூன்று அடையாளப் புரதங்களைக்கொண்டு பிரித்தெடுத்தது. மூன்றும் சேர்ந்திருந்தவை 100 உயிரணுக்களுக்கு ஒன்றுகூட இல்லை, 0.2 முதல் 0.8 விழுக்காடே. ஆனால் அவற்றுள் 100 உயிரணுக்களை மட்டும் எலிகளில் செலுத்தியபோது, 12 எலிகளுள் ஆறில் கட்டி வளர்ந்தது. வளர்ந்த கட்டியில் மூலக் கட்டியிலிருந்த எல்லா வகை உயிரணுக்களும் இருந்தன. துண்டு வேரிலிருந்து முழுப்புல்லும் எழுந்ததுபோல்.

அதே ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஹீஷனின் குழு சிடி133 என்னும் வேறோர் அடையாளத்தைக்கொண்டு இதே போன்ற முடிவுக்கு வந்தது. அவர்கள் கூடுதலாக ஒன்றைக் கண்டனர். கணையப் புற்றுக்குரிய ஜெம்சிடபின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது ஏனைய உயிரணுக்கள் மடிந்தன. சிடி133 உடையவை எஞ்சின. ஜெம்சிடபின், பெருகும் உயிரணு மரபுப் பொருளைப் படியெடுக்கும்போது உட்புகுந்து கெடுப்பது. மெல்லப் பெருகியோ பெருகாமலோ கிடக்கும் உயிரணுவை அது அவ்வளவாகத் தாக்க முடியாது. கல்லீரலில் உறங்கிய மலேரியாக் கிருமியின் கதையை இங்கே நினைவுகூரலாம். கட்டி சுருங்கியதாகப் படம் காட்டுவது பொய்யன்று. சுருங்கியது இலை, எஞ்சியது வேர்.

7. கணையம் என்னும் கடினமான நிலம்

கணையம் வயிற்றின் பின்சுவரை ஒட்டி, இரைப்பைக்குப் பின்னே மறைந்திருப்பது. அங்கே கட்டி எழுந்தாலும் நெடுநாள் தெரிவதில்லை. கணையத்தின் தலைப்பகுதியில் எழும் கட்டி பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சள்காமாலை தோன்றும். உடற்பகுதியிலும் வாற்பகுதியிலும் எழுந்தால் முதுகுவலியும் எடைக்குறைவுமே அறிகுறிகள். கண்டறியும்போது பெரும்பாலோர்க்கு அறுவை செய்யும் நிலை கடந்துவிடுகிறது. 1935-இல் விப்பிள் வெளியிட்ட அறுவை முறை இன்றுவரை திருத்தங்களோடு தொடர்கிறது. அதற்குத் தகுதி பெறும் நோயர் ஐவரில் ஒருவர் அளவே.

மருந்தின் முன்னேற்றத்தை எண்களில் கூறுவது நேர்மை. பரவிய நோய்க்கு, பழைய ஃபுளூரோயுராசில் மருந்தோடு ஒப்பிட்டு 1997-இல் ஜெம்சிடபின் ஆய்வு வெளியாயிற்று. நோயருள் பாதிப் பேர் உயிர்வாழ்ந்த காலம் 4.4 திங்களிலிருந்து 5.7 திங்களாயிற்று. 2011-இல், நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் முறை அதனை 11.1 திங்களாக்கிற்று. 2018-இல் வந்த ஆய்வொன்றில், கட்டியை அறுத்தெடுத்தபின் இம்முறையின் திருத்திய வடிவத்தைப் பெற்றவர்களுக்கு அக்காலம் 54 திங்களைத் தாண்டிற்று. வேரோடு பறிக்கத்தக்க நிலையில் நோயைக் காண்பது எத்துணை வேறுபாடு செய்கிறது என்பதை இவ்வெண்களே உரைக்கும்.

கணையப் புற்றின் மருந்தெதிர்ப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானவை மூன்று. முதலாவது, மரபுத் திரிபுகள். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கணையப் புற்றுகளில் கே-ராஸ் என்னும் மரபணு திரிந்து, பெருகுக என்னும் ஆணையை ஓயாது பிறப்பித்துக்கொண்டிருக்கும். மேலும் பல திரிபுகள் அதனோடு சேரும். இது சம்பாவ் புல்லின் வழி. இரண்டாவது, மேற்கூறிய குருத்தணுக்கள். இது லாலாங் வேரின் வழி. மூன்றாவது, கட்டியைச் சுற்றி எழும் நார்த்திசு. கணையப் புற்றில் புற்றணுக்களைவிட நார்த்திசுவே பெரும்பகுதியாக இருப்பதுண்டு. அது இரத்தக் குழாய்களை நெருக்கி மருந்தை உள்ளே விடாத வேலியாகிறது.

வேலியைப் பிரித்தால் மருந்து உள்ளே செல்லும் என்று 2009-இல் ஓர் ஆய்வு எலிகளில் காட்டிற்று. நம்பிக்கையோடு அம்மருந்தை நோயர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2012-இல் அச்சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அம்மருந்து பெற்றவர்களின் நிலை மற்றவர்களினும் மோசமாயிருந்தது. 2014-இல் வந்த ஆய்வுகள் காரணத்தை ஒருவாறு உணர்த்தின. அவ்வேலி மருந்தைத் தடுத்தது மட்டுமன்று, புற்றையும் ஓரளவு கட்டிவைத்திருந்தது.

வேரை நேரே தாக்கும் முயற்சிக்கும் இதே நிலை நேர்ந்தது. குருத்தணுக்களின் இயக்கத்தை அடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட நாபபுகாசின் என்னும் மருந்து, கணையப் புற்றில் மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்றது. 2019-இல் பயன் விளையும் வாய்ப்பில்லை என்று அச்சோதனை நிறுத்தப்பட்டது.

8. குருத்து என்னும் சொல் பொருந்துமா?

மொழியை வளர்க்கும் அவையில் கலைச்சொல்லைப் பற்றி ஒன்று கூறாமல் விடுதல் முறையன்று. ஸ்டெம் செல் என்பதற்குத் தமிழில் தண்டணு, மூல உயிரணு, குருத்தணு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. தண்டணு என்பது ஆங்கிலச் சொல்லின் நிழல். தண்டு நமக்குத் துளிர்ப்பை உணர்த்துவதில்லை. குருத்தணு என்பதில் உயிர் இருக்கிறது. தென்னையில் பத்து மட்டையை வெட்டினாலும் மரம் சாகாது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து உயிர்ப்புள்ளியை அழித்தால் மரமே போய்விடும். குருத்தணுவைக் கொன்றால் புற்று அழியும் என்று 2007-இல் ஆய்வாளர் கொண்ட நம்பிக்கையை இச்சொல் துல்லியமாகவே தாங்கிற்று.

ஆனால் அடுத்து வந்த ஆய்வுகள் இவ்வுவமையைத் திருத்துகின்றன. 2008-இல் தோல் புற்றில் மாரிசனின் குழு, சோதனை எலிகளின் எதிர்ப்பாற்றலை மேலும் குறைத்துப் பார்த்தது. மிக அரிதென்று எண்ணியிருந்த, கட்டியைத் தோற்றுவிக்கும் உயிரணுக்கள் அச்சோதனையில் நான்கில் ஒன்று என்னுமளவு இருந்தன. எத்தனை குருத்தணுக்கள் உள்ளன என்பது நாம் அளக்கும் முறையையும் பொறுத்தது. வேறு ஆய்வுகள், குருத்தணு அல்லாத புற்றணுவும் சூழலுக்கேற்பக் குருத்தணுவின் தன்மையை மேற்கொள்ளக்கூடும் என்று காட்டின. தென்னைக்குக் குருத்து ஒன்றே. லாலாங்குக்கோ வேர்த்தண்டின் கணு ஒவ்வொன்றும் தேவை வரும்போது குருத்தாகும். கணையப் புற்று தென்னையைவிட லாலாங்கையே மிகுதியும் ஒத்திருக்கிறது. நாபபுகாசின் போன்ற முயற்சிகள் ஏன் எளிதில் வெல்லவில்லை என்பதை எண்ணிப் பார்க்க இது உதவும்.

ஆகவே குருத்தணு என்னும் சொல்லை நாம் வைத்துக்கொள்ளலாம். அதனோடு ‘குருத்துத் தன்மை’ என்னும் சொல்லையும் வழக்கிற்குக் கொண்டுவரலாம் என்பது நம் கருத்து. முன்னது ஒரு பொருளைக் குறிக்கும். பின்னது ஒரு நிலையைக் குறிக்கும். இன்றைய ஆய்வு பொருளிலிருந்து நிலையை நோக்கி நகர்ந்திருக்கிறது. மொழியும் உடன் நகர்ந்தால்தான் நம் பிள்ளைகள் இதனைத் தமிழில் எண்ண முடியும்.

9. நிறைவாக

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. அங்கு வளர்ந்தவர்கள் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் முதுமையடைந்திருக்கிறார்கள். மலேரியாவின் இடத்தில் நீரிழிவும் புற்றும் அவர்களைத் தேடி வருகின்றன. காரணமின்றி எடை குறைதல், கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல், மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பரவும் வலி, நடுவயதைக் கடந்தபின் எடைக்குறைவோடு புதிதாகத் தோன்றும் நீரிழிவு ஆகியவற்றை மூப்பின் இயல்பென்று ஒதுக்கலாகாது. இவற்றுள் ஒன்று தோன்றியோருள் பெரும்பாலோர்க்குக் கணையப் புற்று இருப்பதில்லை. ஆயினும் மருத்துவரிடம் காலத்தே காட்டுவது நலம்; வேர் பரவுமுன் பறிக்கும் வாய்ப்பு அதில்தான் உண்டு.

நோய் முற்றிய நிலையில் மருந்து பலிக்காமல் போகும் குடும்பங்களுக்கும் இவ்வரலாறு ஒன்றைக் கூறுகிறது. நோயர் பத்தியம் பிழைக்கவில்லை. மகள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததில் குறையில்லை. மகன் வேறு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாதது குற்றமில்லை. மருந்தைக் காணுமுன்பே கட்டிக்குள் மாறியிருந்த உயிரணுக்களும், மருந்து எட்டாத மறைவில் கிடந்த உயிரணுக்களும் அங்கே இருந்தன. சுங்கை பூலோவில் 1964-இல் ஒரு நோயைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு இந்நோய்க்கும் பொருந்தும். ‘மருந்துக்குக் கேட்கவில்லை’ என்று இனி நாம் சொல்லும்போது, கேளாதது நோயே என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்.